மாமாவுக்கு, பிரிட்ஜ் பழகுவது பற்றி

பேர்கன், நோர்வே

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நாங்கள் யாவரும் நலம். உங்களுக்கும் மாமிக்கும் மாமாங்கேஸ்வரர் துணையிருக்க வேண்டுகிறேன். கிழமைதோறும் ஓர் இரவு நான் போய் விளையாடும் பிரிட்ஜ் என்ற கடதாசி விளையாட்டு, நம்மூரில் விளையாடும் முன்னூற்று நாலைப் போன்றதா என்று தொலைபேசியில் கேட்டிருந்தீர்கள். பிள்ளைகளின் சத்தத்தில் அன்று சரியாகச் சொல்ல முடியவில்லை. கல்லடியில் உங்களோடு கடதாசி விளையாடும் மற்ற மூவருக்கும் வாசித்துக் காட்டலாம் என்பதால் இப்போது விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டும் உறவுக்காரர்தான். நான்கு பேர், எதிரெதிரே கூட்டாளிகள், முதலில் எவ்வளவு எடுப்போம் என்று ஏலம் போலக் கூறும் கேள்வி, பிறகு மற்ற இனங்களை வெட்டும் துரும்பு என்ற அமைப்பு இங்கும் உண்டு. ஆனால் 52 தாளும் ஆளுக்கு 13 ஆகப் பகிரப்படும். முன்னூற்று நாலில் 30 பெறும் ஜேக், இங்கே ஆசு, ராசா, ராணிக்குக் கீழே நிற்கிறது. 20 பெறும் ஒன்பது வெறும் ஒன்பதுதான். பிடித்த தாள்களின் புள்ளியை எவரும் கூட்டுவதில்லை, நால்வரும் ஒவ்வொரு தாள் போடும் சுற்றை வெல்வது ஒரு பிடி; அப்படி வரும் 13 பிடியில் எத்தனை பிடித்தோம் என்பதே கணக்கு. துரும்பைக் கவிழ்த்து வைக்கும் வழக்கமும் இல்லை. கேள்வியை வென்றவருக்கு இடப்பக்கத்து எதிராளி முதல் தாளைப் போட்டவுடன், வென்றவரின் கூட்டாளி தம் தாள்கள் அனைத்தையும் மேசையில் மலர்த்தி வைத்துவிட்டு அமைதியாக இருப்பார்; அந்தத் தாள்களையும் வென்றவரே சொல்லிச் சொல்லி விளையாடுவார்.

கேள்விதான் இந்த விளையாட்டின் உயிர் என்று நான் நினைக்கிறேன். ஆசுக்கு 4, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, ஜேக்குக்கு 1 என்று கைகளை மதிப்பிட்டால் மொத்தம் 40 வரும். கூட்டாளிகள் இருவரிடமும் சேர்த்து ஏறக்குறைய 25 இருந்தால், பெரிய ஊக்கப்புள்ளி தரும் கேள்விக்குத் துணியலாம்: துரும்பில்லாமல் 9 பிடி, இஸ்கோப்பன் (ஸ்பேட்) அல்லது ஆட்டின் (ஹார்ட்) துரும்பானால் 10, டயமன் அல்லது கிளாவரானால் 11. அந்த 25 இருக்கிறதா என்பதைக் கூட்டாளிகள் கேள்விகளால் மட்டுமே ஒருவருக்கொருவர் தெரிவிக்க வேண்டும். போட்டிகளில் வாயாலும் கேட்பதில்லை. பெட்டியிலிருந்து கேள்வி அட்டையை எடுத்து மேசையில் வைப்பார்கள். நோர்வே மொழி எனக்குச் சரளமாக வராத காலத்தில், இந்த நாட்டில் பிறந்தவர்களோடு சரிசமமாக இருந்து பேச முடிந்த ஒரே இடம் இந்த மேசைதான், மாமா. கூட்டாளிக்குக் கண்ணால் சைகை காட்டுவதை நீங்கள் ஒருபோதும் பொறுத்ததில்லை. இங்கே அது விதியாகவே இருக்கிறது. கூட்டாளி தயங்கியதை வைத்துக்கூட நான் என் ஆட்டத்தை மாற்றக்கூடாது. அவருடைய கேள்விக்கு எங்களுக்குள் என்ன பொருள் என்று எதிராளி கேட்டால், மறைக்காமல் சொல்லவும் வேண்டும்.

இன்னொன்று உங்களுக்கு மிகவும் பிடிக்கும். ஒரு மேசையில் விளையாடிய அதே கைகளை, பெயர்ந்துவிடாதபடி ஒரு தட்டின் நான்கு அறைகளிலும் வைத்து அடுத்த மேசைக்கு அனுப்புகிறார்கள். நான் ஏந்திய அதே 13 தாளை வேறொருவரும் ஏந்துவார். கடைசியில் எங்கள் இருவரின் பெறுபேறும் ஒப்பிடப்படும். கைக்குத் தாள் வரவில்லை என்று சொல்ல இடமில்லை. வந்த தாளை வைத்து மற்றவரைவிட ஒரு பிடி கூடுதலாக எடுத்தேனா என்பதே முக்கியம். என்னைத் தேறச் செய்தது இந்த ஒப்பீடுதான் என்று உறுதியாக நம்புகிறேன். என் கூட்டாளியான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒவ்வோர் இரவும் விளையாட்டு முடிந்த பின் பெறுபேற்றுத் தாளை விரித்து, மற்ற மேசைகளில் பத்துப் பிடி வந்த கையில் நமக்கு ஏன் ஒன்பது வந்தது என்று பொறுமையோடு ஆராய்வார்.

அவர் முதலில் கற்பித்த பழக்கம், கூட்டாளியின் தாள்கள் விரிந்ததும் கையை நிறுத்தி, உறுதியான பிடிகளை எண்ணுவது. ஒன்பது தேவைப்பட்டு ஏழு இருந்தால், மீதி இரண்டும் எங்கிருந்து வரும் என்று நம் பக்கத்திலிருந்து முதல் தாளைப் போடுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். அடுத்தது துரும்பு எண்ணிக்கை. எங்களிடம் எட்டு இருந்தால் எதிராளிகளிடம் ஐந்து. அவை மூன்றும் இரண்டுமாகப் பிரிந்திருக்கும் வாய்ப்பு 68 வீதம், நான்கும் ஒன்றுமாக இருப்பது 28 வீதம். இந்த எண்களை அறிந்த பின், நல்வாய்ப்பை நம்பி ஆடுவதற்கும் கணக்கை நம்பி ஆடுவதற்கும் உள்ள தூரம் எனக்குத் தெளிவாகியது. எதிர்த்து ஆடும் கலையே மிகக் கடினம். கூட்டாளி போடும் சிறிய தாளிலிருந்து அவர் கையை உணர்வதை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

வயது போய்விட்டது என்று தள்ளிவைக்காதீர்கள். 2018 இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியாவுக்காகப் பிரிட்ஜில் தங்கம் வென்ற இருவரில் மூத்தவரான பிரணாப் பர்தனுக்கு அப்போது 60 வயது.

தொடங்குவதற்கு மினி பிரிட்ஜ் என்ற எளிய முறை போதும். ஆளுக்கு 13 தாள் பகிர்ந்தபின், நால்வரும் தத்தம் புள்ளியை உரக்கச் சொல்லுங்கள். அதிகப் புள்ளி உள்ள பக்கத்தில், கூடுதல் வைத்திருப்பவர் ஆட்டக்காரர். இரண்டு பக்கமும் இருபது இருபதாக வந்தால் மறுபடி பகிருங்கள். ஆட்டக்காரரின் கூட்டாளி தாள்களை விரித்ததும், அவர் இரண்டு கைகளையும் பார்த்துத் துரும்பையும், மேலே சொன்ன பெரிய எண்ணிக்கையை எடுப்பாரா அல்லது ஏழு பிடியோடு நிற்பாரா என்பதையும் அறிவிக்கட்டும். பிறகு அவருக்கு இடப்பக்கம் இருப்பவர் முதல் தாளைப் போடலாம். இதில் கேள்வியே இல்லாததால் தாள் ஆடுவதில் மட்டும் மனம் செலுத்தலாம்.

ஆடிய கைகளில் ஒன்றிரண்டை அப்படியே எழுதி அனுப்புங்கள். ஆசிரியையும் நானும் பார்த்து எங்கள் கருத்தை அடுத்த கடிதத்தில் எழுதுகிறோம். மாமிக்கும் மச்சாள்மாருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள மருமகன்