பாதியில் நின்ற கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' நாவலை, அதில் கப்பல் சமையல்காரனாக வரும் கொள்ளைக்காரன் சில்வர் சொல்வதாக மாற்றி நீ அனுப்பிய அத்தியாயத்தைப் படித்தேன். அவன் கிளி வருகிற இடம் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஒற்றைக்கால்காரனுக்கு நீ வேறு வக்கீலாகப் போக வேண்டுமா? ஸ்டீவன்சன் முதலில் கதைக்கு வைத்திருந்த பெயரே 'கப்பல் சமையல்காரன்'தான். பேச வேண்டியதையெல்லாம் அவன் அதிலேயே பேசித் தீர்த்துவிட்டான். நீ கதை சொல்கிற பையன் ஜிம்மின் அம்மாவைப் பேசவிடு. பாவம், 'ஜிம் அம்மா', 'மிஸஸ் ஹாக்கின்ஸ்' என்பதைத் தாண்டி அவளுக்கென்று ஒரு பெயர்கூடக் கிடையாது.

அந்தப் பெட்டி திறக்கிற ராத்திரியைத் திரும்பப் படி. பெட்டிக்குச் சொந்தக்காரன் பில்லி போன்ஸ், பழைய கடற்கொள்ளைக்காரன், மாதக்கணக்கில் அவர்கள் விடுதியில் உட்கார்ந்து தின்றவன். பாக்கி கேட்டால் மூக்காலேயே உறுமுவான், புருஷன்காரன் பயந்து வெளியே வந்துவிடுவான். (மெஸ் நடத்தியவளுக்கு இந்த ஜாதி ஆட்களை நன்றாகத் தெரியும். உன் அப்பாவும் ஒருத்தனிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை.) புருஷன் போய்ச் சேர்ந்தான், பில்லியும் செத்தான். அந்தப் பெட்டியைத் தேடிக் கொள்ளைக்காரர்கள் வரப்போகிறார்கள். கூட வர ஊரில் ஒரு ஆம்பளைக்கும் தைரியமில்லை. அப்பனில்லாத பிள்ளையின் காசை விடமாட்டேன் என்று, ஒரு பையை இரவல் வாங்கிக்கொண்டு இவள் ஜிம்மோடு விடுதிக்குத் திரும்பிப் போகிறாள்.

பெட்டியின் மேலாக இருக்கும் உடுப்பு ஒருதரம்கூட உடுத்தாதது என்று பார்த்துச் சொல்பவள் அவள்தான். அடியில் பணப்பை. எல்லாம் பல தேசத்துக் காசு. அவளுக்குக் கணக்குத் தெரிந்தது கினி என்கிற இங்கிலீஷ் தங்கக்காசு மட்டும், அதுதான் ரொம்பக் குறைச்சல். வரவேண்டியதற்கு மேல் ஒரு காசும் வேண்டாம், குறையவும் கூடாது என்று பொறுக்கிப் பொறுக்கி எண்ணுகிறாள். வெளியே கொள்ளைக்காரர்களில் ஒருவனான குருடன் கோல் தட்டுகிற சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லை. விசில் சத்தம் வந்த பிறகுதான், எடுத்தது போதும் என்று எழுகிறாள். கணக்கு நேராகட்டும் என்று ஜிம் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுக்கிறான். புதையல் வரைபடம் அதற்குள்தான் இருக்கிறது! அவள் எண்ணி முடித்திருந்தால் அவன் அதை எடுத்திருக்கவே மாட்டான். கப்பலும் இல்லை, தீவும் இல்லை. அப்படியிருக்க அந்தப் பிள்ளை அவளுடைய நேர்மையையும் பேராசையையும் சேர்த்தே திட்டுகிறான். எனக்குப் பொறுக்கவில்லை.

1881இல் ஸ்காட்லாந்தில் இதை எழுதும்போது, கதையில் பொம்பளையே வரக்கூடாது என்று ஸ்டீவன்சன் மனைவியின் மகன் லாயிட் உத்தரவு போட்டானாம். பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்று ஸ்டீவன்சனின் அப்பா உட்கார்ந்து பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார். உத்தரவையும் மீறி அந்தப் பெட்டியைத் துழாவ ஒரு அம்மா உள்ளே வந்துவிட்டாள் பார்.

கப்பல் ஏறுமுன் ஜிம் வீட்டுக்கு வருகிறானே, அதையும் விடாதே. புதையல் தேடக் கப்பல் வாங்கிய பண்ணையார் விடுதிக்குப் பெயிண்ட் அடித்து, அவளுக்கு நல்ல கைவைத்த நாற்காலி போட்டு, ஒத்தாசைக்கு ஒரு பையனையும் வைத்துக் கொடுத்திருக்கிறார். தன் இடத்தில் அவனைப் பார்த்ததும் ஜிம்முக்கு அழுகை முட்டுகிறது. அப்புறம் நாள் பூரா அந்தப் பையனைப் படுத்துகிறான். நீ ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தபோது நம் கல்லாவில் உட்கார்ந்திருந்த பையனை என்ன பாடு படுத்தினாய், ஞாபகம் இருக்கிறதா?

அதோடு அவள் கதையிலிருந்து காணாமல் போகிறாள். போனவர்களில் ஐந்தே பேர் திரும்பினார்கள் என்று ஜிம் சொல்கிறான், வீட்டு வாசலில் அவள் என்ன கேட்டாள் என்று சொல்லவில்லை. கிளி கத்துவதாகக் கனவு கண்டு படுக்கையில் துள்ளி எழுகிறானே, பக்கத்து அறையில் யார் விழித்திருப்பார்கள்? நீ எழுத வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

சில்வருக்கும் ஒரு பெண்டாட்டி உண்டு. சாராயக் கடையை விற்றுக் காசோடு அவனிடம் போகப் புறப்பட்டவள். அவள் கதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த அத்தியாயத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் அனுப்பு. போனில் படிக்கக் கண் வலிக்கிறது.

அம்மா