மகன்ட மூக்கைக் காவல் காத்த ஆக்களுக்கு

மகன் நேற்று உவர்மலையில எங்கட வீட்டுக்கு வந்திட்டார். 29 கிழமையில பிறந்தவர், 1,140 கிராம்தான். பத்திரகாளி அம்மனுக்கு நேத்தி இருக்கு, அது தனிக்கணக்கு, முதல்ல மனிசருக்குச் சொல்லிப்போடுறன்.

பிபியூ எண்ட குறைமாதப் பிள்ளையளின்ட வாட்டில இருக்கிற நேர்ஸ் மிஸ்மாருக்குத்தான் முதல் நன்றி. மூக்குக்குள்ள ரெண்டு குட்டிக் குழாய், தலையில தொப்பி, பக்கத்துப் போத்தலில தண்ணி கொளகொளவெண்டு குமிழி விட்டுக்கொண்டிருக்கும். அது சீபாப் எண்ட மூச்சு உதவியாம், நுரையீரல் சுருங்கி ஒட்டாம காத்தால தாங்கிப் பிடிக்கிறது. ஒருநாள் குமிழி நிண்டிட்டுது, நான் பதறிப்போய் "குழாயை உள்ள தள்ளி இறுக்கி விடுங்கோ மிஸ்" எண்டு கத்திப்போட்டன். அந்தச் சிங்கள மிஸ் ஏசேல்ல. பிள்ளையின்ட வாய் திறந்திருந்தது, நாடியை ஒரு விரலால மெல்லத் தூக்கி மூடினா, குமிழி திரும்ப வந்திட்டுது. பிறகு டோச் அடிச்சு "இறுக்கம் வேணாம் அம்மா, இங்க பாருங்க" எண்டு ரெண்டு ஓட்டைக்கும் நடுவில இருக்கிற தோலைக் காட்டினா. குழாய்க்கும் அதுக்கும் இடையில 2 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கோணுமாம். குறைமாதப் பிள்ளையின்ட தோல் இன்னும் முத்தேல்ல, அழுத்தினா முதல் வெளிறும், பிறகு சிவக்கும், பாக்காம விட்டா புண்ணாகி மூக்கின்ட வடிவே மாறிப்போகலாம் எண்டு அரைத்தமிழில சொன்னதுதான் எனக்கு முழுசா விளங்கினது.

சில மணித்தியாலத்துக்கு ஒருக்கா கழட்டிப் பாப்பினம், குழாயையும் மாஸ்க்கையும் மாத்தி மாத்திப் போடுவினம், ரெண்டும் அழுத்துற இடம் வேற வேறயெல்லோ. மூக்குக்குக் கீழ ஜெலி மாதிரி ஒரு மெல்லிய பிளாஸ்டர், தலை வளர வளரத் தொப்பியும் பெருசா மாறும். அப்பிடியிருந்தும் ஒரு இரவு சிவந்திட்டுது, கண்டுபிடிச்சது ட்ரெயினிங்குக்கு வந்த தங்கச்சி, உடன மாஸ்க்குக்கு மாத்தி ரெண்டு நாளில மாறிட்டுது. அந்தப் பிள்ளையின்ர பேர்கூட கேக்காம விட்டிட்டன்.

பக்கத்துக் கட்டில் கிண்ணியா ராத்தா, பால் பிழிய வராம நான் அழேக்க தன்ர சூப்பைப் பாதி ஊத்தித் தந்து முதுகு தடவினவ. இரவு 11 மணிக்கும் காசு வாங்காம ஓடின ஓட்டோ அண்ணா. உங்களை மறக்கேலாது.

பிள்ளைக்கு மூக்கு சப்பையாகிடுமோ எண்டு ஒவ்வொரு நாளும் கோல் எடுத்து என்னைக் கொன்ற பெரியம்மாவுக்கும் நன்றி. நேற்று வந்தவ, செருப்புக் கழட்ட முதலே மூக்கைத்தான் பாத்தா. அச்சொட்டா அப்பான்ர மூக்காம்.