75 வருடத்துக்கு முந்தைய கடிதம்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகள் கல்யாணம் தை மாதம் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி இன்னும் தீரவில்லை, மாடிப்பக்கமே போவதில்லை. மற்றபடி நலம். ஃபோனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் மனதில் கிடக்கிற ஒரு விஷயம், பேசினால் சரியாக வராது, எழுதினால்தான் வரும்.

என் மகள் ஒரு வீடியோ காட்டினாள். 2023 நவம்பரில் அட்லாண்டாவில் நடந்த அஞ்சலிக் கூட்டம். இறந்தவர் ரோசலின் கார்ட்டர். முன்வரிசையில் அவர் கணவர், அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், 99 வயது, சக்கர நாற்காலியில் சாய்ந்தபடி கிடக்கிறார். இனி மருத்துவமனை வேண்டாம் என்று ஒன்பது மாதமாக வீட்டிலேயே இருந்தவர். காலை மூடியிருந்த போர்வையில் அவரும் மனைவியும் சேர்ந்திருக்கும் படம். மகள் ஏமி எழுந்து ஒரு கடிதத்தை வாசித்தார். கடற்படையில் இருந்தபோது, 75 வருடத்துக்கு முன்னால் அவர் மனைவிக்கு எழுதியது. பிரிந்திருக்கும் நாளெல்லாம், நீ என் நினைவில் இருக்கிற அளவுக்கு அழகாக இருக்கவே முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், ஆனால் திரும்பி வந்து பார்த்ததும் மறுபடி உன்மேல் காதல் வந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறார். இருபது வயதுகளில் எழுதியதை 99 வயதில் உட்கார்ந்து கேட்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நமக்கு அவரை ஜனாதிபதியாகத்தான் தெரியும். அவரும் நம்மைப் போலக் கடற்படைக்காரர், நம்ம ஆள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. 1946-இல் அனாபொலிஸ் கடற்படை அகாடமியில் படிப்பு முடிந்தது, அடுத்த மாதமே, ஜூலை 7-ஆம் தேதி கல்யாணம். அப்புறம் சப்மரீன். பாம்ஃப்ரெட் என்ற சப்மரீனில் பசிபிக்கில் போகும்போது, ஒரு ராத்திரி மேலே பிரிட்ஜில், திறந்த மேடையில் நின்று காவல் வாட்ச். பெரிய அலை ஒன்று அவரைக் கம்பியிலிருந்து பிடுங்கித் தூக்கிக்கொண்டு போய், முப்பது அடி பின்னால் இருந்த பீரங்கிக் குழாய்மேல் போட்டது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிழைத்தார். கப்பல் கொஞ்சம் வேறு கோணத்தில் போயிருந்தால் ஆள் கடலோடு போயிருப்பார். மழைக்காலத்து அரபிக்கடலில் மேல்தளத்தில் நின்ற நமக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

1952-இல் கனடாவில் சாக் ரிவர் அணு உலையில் விபத்து. அதைப் பிரித்தெடுக்கப் போன அமெரிக்கக் கடற்படைக் குழுவுக்கு இவர்தான் தலைமை. டென்னிஸ் மைதானத்தில் அதே மாதிரி ஒரு உலை செய்துவைத்து, எந்த போல்ட்டை யார் கழற்றுவது என்று ஒத்திகை பார்த்தார்களாம். கதிர்வீச்சினால் உள்ளே ஒருவருக்குக் கிடைத்தது சுமார் ஒன்றரை நிமிடம்தான்.

அடுத்த வருடம் கார்ட்டரின் அப்பா சாகக் கிடந்தார். ஊருக்குப் போனால் வரிசையாக ஆட்கள் வந்து, உன் அப்பா எனக்கு இதைச் செய்தார், அதைச் செய்தார் என்று சொல்கிறார்கள். அதில் பாதி வீட்டுக்கே தெரியாது. நான் ஆயுசுபூராவும் கடற்படையில் இருந்தாலும் இத்தனை பேருக்கு உபயோகப்படுவேனா என்று யோசித்து, வேலையை விட்டுவிட்டார். மனைவியைக் கேட்கவில்லை. அந்த அம்மா கொதித்துப்போனார். மூன்று பையன்களோடு காரில் சொந்த மாநிலமான ஜார்ஜியா வரும் வழி முழுக்க அவரிடம் நேரடியாகப் பேசவே இல்லை. வண்டியை நிறுத்த வேண்டுமென்றால்கூட, அப்பாவிடம் சொல் என்று மூத்த பையன் மூலமாகத்தான்.

இந்த இடத்தில்தான் மாப்ள, நான் நின்றுபோனேன். கடற்படையில் பதினைந்து வருடம் முடிந்ததும் சர்வீஸ் எக்ஸ்டென்ஷனுக்குக் கையெழுத்துப் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ சொன்னாய், வீட்டில் கேட்டுவிட்டுப் போடு என்று. நான் கேட்கவில்லை. போட்ட பிறகு ஒரு இன்லண்டு லெட்டரில் நாலு வரி எழுதித் தெரிவித்தேன். ஃபிளீட் மெயில் ஆபீஸ் முத்திரையோடு வந்த பதிலில் அவள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் சரியாகிவிட்டது என்று எழுதியிருந்தாள். காய்ச்சல் வந்ததே எனக்கு அதுவரை தெரியாது. எக்ஸ்டென்ஷனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மௌனத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கார்ட்டர் பிற்பாடு கற்றுக்கொண்டார். கடற்படைக்காரர், நேரம் தவறினால் தாங்காது. கிளம்ப ஐந்து நிமிடம் தாமதமானால் மனைவியைக் கடிந்துகொள்வார். 38 வருடம் இப்படியே போனது. 1984-இல் மனைவியின் பிறந்தநாளுக்கு என்ன வாங்கித் தருவதென்று யோசித்து, கடைசியில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாராம், இனிமேல் நீ தாமதமாக வந்தால் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லமாட்டேன் என்று. தனக்குக் கிடைத்ததிலேயே நல்ல பரிசு அதுதான் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். ஒரு நாட்டையே ஆண்டு முடித்த மனிதர், மாப்ள.

அவருடைய அம்மா 68 வயதில் பம்பாய் விக்ரோலியில் நர்ஸாக வந்து வேலை பார்த்தவர். லோக்கல் ரயிலில் எத்தனை தடவை அந்த ஸ்டேஷனைத் தாண்டியிருப்போம்! நரம்புச்சிலந்தி நோயை ஒழிக்க கார்ட்டர் பாடுபட்டதும் தெரிந்திருக்கும். என் பாட்டி சொல்வாள், காலில் இருந்து வெளியே வரும் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, தினமும் கொஞ்சமாக இழுப்பார்கள், அறுந்தால் போச்சு என்று. 1986-இல் அவர் இறங்கியபோது உலகத்தில் வருடத்துக்கு 35 லட்சம் பேருக்கு அது இருந்தது. 2023-இல் 14 பேர். தான் சாவதற்குள் கடைசிப் புழு செத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

2024 டிசம்பர் 29-இல், நூறு வயதில் போய்ச் சேர்ந்தார். வாஷிங்டனில் கடற்படை நினைவிடத்தில் வைத்துத்தான் பெட்டியைக் குதிரை வண்டிக்கு மாற்றினார்கள். அடக்கம் செய்தது சொந்த ஊரான பிளெயின்ஸில், 1961-இல் கட்டிய அதே சின்ன வீட்டின் தோட்டத்தில், மனைவி பக்கத்தில். கடற்படை விமானங்கள் மேலே பறந்து போயின.

வீடியோ பார்த்த அன்று ராத்திரி உன் தங்கச்சியிடம் எக்ஸ்டென்ஷன் விஷயத்தைக் கேட்டேன். அப்போது உனக்குக் கோபமா என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "இப்பவாவது கேட்டீங்களே" என்றாள். அப்புறம் வெகுநேரம் பேசினோம். அதையெல்லாம் நேரில் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். முழங்கால் வலித்தாலும் மூன்று நாள் முன்னாலேயே வந்துவிட வேண்டும் என்கிறாள். இரண்டு கீழ் பெர்த் போட்டிருக்கிறேன். ஸ்டேஷனுக்கு நீ வராதே, கல்யாண வேலை இருக்கும், பையனை அனுப்பு.

உன்,
பழைய மெஸ்மேட்