உக்கடத்தில் சி.ஏ. புத்தகம் வாங்குமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகள் பஸ் ஏறி கோவை உக்கடத்தில் இறங்கி, பழைய புத்தகக் கடைகளில் சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) தேர்வுப் புத்தகங்களைக் கட்டாக வாங்கிப் போகிறார்கள். பாதி விலைக்கு வாங்குவதில் தவறே இல்லை. எந்தப் பாடத்துக்குப் பழசு ஆகும், எதற்கு ஆகாது என்று பார்க்காமல் வாங்கினால்தான் பணமும் போய், படித்ததும் வீணாகிறது.

முதலில் பொருளடக்கத்தைப் புரட்டுங்கள். 2023-ல் பாடத்திட்டம் மாறி, 2024 மே, ஜூன் முதல் புதிய முறையில் தேர்வு நடக்கிறது. முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனின் சட்டப் புத்தகத்தோடு 40 மதிப்பெண்ணுக்கு பிசினஸ் கரஸ்பாண்டன்ஸ் சேர்ந்திருந்தாலோ, எகனாமிக்ஸோடு கமர்ஷியல் நாலெட்ஜ் ஒட்டியிருந்தாலோ அது பழைய திட்டத்துப் புத்தகம். "அதை விட்டுட்டு மீதியைப் படி தம்பி" என்பார் கடைக்காரர். மீதியும் போதாது. காசோலை, உறுதிமொழிச் சீட்டு பற்றிய மாற்றுமுறை ஆவணச் சட்டம் இப்போது ஃபவுண்டேஷனில் வருகிறது. பழைய புத்தகத்தில் இருக்காது. எகனாமிக்ஸில் தேசிய வருமானம், பொது நிதி, பணச் சந்தை, பன்னாட்டு வணிகம் எல்லாம் புதிதாகச் சேர்ந்தவை. அடுத்த கட்டமான இன்டரில் எட்டுத் தாள் ஆறாகிவிட்டது, நீக்கப்பட்ட தகவல் முறைமைப் பாடமான ஈ.ஐ.எஸ். என்று அட்டையில் போட்ட புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தாலும் தூக்கி வராதீர்கள்.

அதிகம் ஏமாறுவது வரிப் பாடத்தில். ஒருவர் பட்டியலிடப்பட்ட பங்குகளை விற்றதில் நீண்டகால ஆதாயம் 3 லட்சம் ரூபாய் என்று வையுங்கள். பழைய புத்தகத்தில் 1 லட்சம் கழித்து, மீதிக்கு 10 சதவீதம், வரி 20,000. 2024 ஜூலை 23 முதல் நடந்த விற்பனைக்கு 1.25 லட்சம் கழித்து, மீதிக்கு 12.5 சதவீதம், வரி 21,875. செஸ் என்ற கூடுதல் வரி தனி. வழிமுறை அதேதான், ஆனால் பழைய விடையை எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. கம்பெனிச் சட்டமும் இப்படித்தான். சிறு நிறுவனத்துக்கான செலுத்திய மூலதன வரம்பு 50 லட்சமாக இருந்து, 2021 ஏப்ரலில் 2 கோடியாகி, 2022 செப்டம்பரில் 4 கோடியானது. அதன் பிறகும் மாறியிருக்கிறது.

அட்டையில் போட்டிருக்கும் ஆண்டை நம்பவே கூடாது. 2025 மே, செப்டம்பர், 2026 ஜனவரி ஆகிய மூன்று தேர்வுகளுக்கும் ஒரே மதிப்பீட்டு ஆண்டுதான் (வருமானம் ஈட்டிய ஆண்டுக்கு அடுத்து, அதற்கு வரி கணக்கிடும் ஆண்டு): 2025-26. 'ஜனவரி 2026' என்றதும் புதுப் பதிப்பு தேடியவர்கள், தங்களுக்கு வராத சட்டத்தைப் படித்தார்கள். ஆகவே எந்த நிதிச் சட்டம் (ஆண்டுதோறும் பட்ஜெட்டோடு வந்து வரி விதிகளை மாற்றுவது), எந்த மதிப்பீட்டு ஆண்டு என்று உள்பக்கத்தில் அச்சாகியிருப்பதைப் பார்த்து, உங்கள் தேர்வுக்கு, சி.ஏ. தேர்வை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. அறிவித்திருப்பதோடு ஒப்பிட்ட பிறகே காசை எடுங்கள். 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்திருப்பதால், கடையில் இரண்டு சட்டத்தின் புத்தகங்களும் கலந்துதான் கிடக்கும்.

காஸ்டிங் (அடக்கவிலை), நிதி மேலாண்மை கணக்குகளுக்கு இந்தக் கவலை வேண்டாம். பிராசஸ் காஸ்டிங்கோ கேப்பிடல் பட்ஜெட்டிங்கோ நிதிச் சட்டத்தோடு மாறுவதில்லை. பத்து வருஷத்துப் பழைய கணக்குப் புத்தகம் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். பென்சிலில் விடை எழுதாத பிரதியாகப் பாருங்கள்.

மூலநூல் எது என்றால், ஐ.சி.ஏ.ஐ. வெளியிடும் மாடியூல் என்ற பாடநூல்தான். இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஒரேயடியாக ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஸ்பைரல் போட்டு அடுக்கிவைப்பதைவிட, படிக்கும் அத்தியாயத்தை மட்டும் இரண்டு பக்கமும் அச்செடுப்பது நல்லது. திருத்தம் வந்தால் அந்த அத்தியாயத்தை மட்டும் மாற்றினால் போதும். ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனியாக வரும் ஆர்.டி.பி. என்ற மீள்பார்வைத் தொகுப்பில் வரி, சட்டத் திருத்தங்கள் தொகுத்திருக்கும். உங்கள் தேர்வுக்குரிய ஆர்.டி.பி.யை விடவே கூடாது. பழைய விடைத்தொகுப்பு விடை எழுதும் முறைக்குத்தான், சட்டத்துக்கு அல்ல. இன்டரில் ஒவ்வொரு தாளிலும் 30 மதிப்பெண் கொள்குறி வினா. பெரும்பாலும் ஒரு பக்கச் சூழலைக் கொடுத்து அதன்மேல் கேட்பவை. ஒற்றை வரிக் கேள்விகள் நிறைந்த கைடு அதற்கு உதவாது, மாதிரித் தேர்வுத் தாள்கள் உதவும். ஒரு தாளுக்கு மாடியூலும் ஒரு கணக்குப் புத்தகமும் போக மூன்றாவது வாங்கினால் அது அலமாரியில்தான் இருக்கும்.

ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் தேர்வெழுத முடியும் என்பதால், தமிழ்வழியில் படித்தவர்கள் தமிழ்நாட்டு பிளஸ் டூ கணக்குப்பதிவியல் பாடநூலின் ஆங்கிலப் பதிப்பை முதல் மாதம் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். அதுவும் இணையத்தில் இலவசம்.

எங்கள் சித்தூர் தாலுகா நூலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். நன்கொடையாக வந்த பழைய வரி, கம்பெனிச் சட்டப் புத்தகங்களைத் தேர்வுப் புத்தக அலமாரியில் வைக்க வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமென்றால், எந்த மதிப்பீட்டு ஆண்டுக்குரியது என்று முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஆண்டுக்கொரு முறை மாடியூல் ஒரு செட் வாங்கி வைத்தால், அதை அச்செடுக்க வசதியில்லாத பத்துப் பிள்ளைகளாவது மாற்றி மாற்றிப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
கணக்குத் தணிக்கையாளர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.