ஒரு நட்சத்திரமும் வேண்டாம் என்றவன்

அன்புள்ள மாப்ளே,

நலம். தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது டிவியில் வருகிறவர்களின் சேலையையெல்லாம் குறை சொல்கிறார்கள்.

எழுத வந்தது வேறு. கடை பிரிண்டர் இரண்டு நாள் என் மானத்தை வாங்கிவிட்டது.

2025 அக்டோபரோடு விண்டோஸ் 10-க்குப் பராமரிப்பு நின்றது இல்லையா? கடைக் கணினி 11-ஐத் தாங்காது. அதற்குப் பதிலாக லினக்ஸ் வகையான டெபியன் 13 போட உட்கார்ந்தேன். பிரவுசிங் சென்டர் காலத்தில் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அமுக்கியே நான்கு டூல்பாரை இழுத்துவந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் வைத்தீர்களே, அந்த ரோஷம் வேறு. என்னென்ன போடட்டும் என்று கேட்கும் திரையில் 'இது வேண்டும்' என்பதற்கு நட்சத்திரக் குறி இருக்கும்; ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி ஒரு நட்சத்திரம் விடாமல் எடுத்தேன். அதோடு விட்டேனா? டெபியனில் மென்பொருளை இறக்கிப் போடுகிற ஆப்ட் என்ற கருவியின் கான்ஃபிக் ஃபைலில், 'ரெக்கமெண்ட்ஸ்' எதுவும் வேண்டாம் என்று ஒரு வரி எழுதினேன். எழுதியதை மறந்தும் போனேன்.

டெபியனில் ஒரு பேக்கேஜ், அதாவது ஒரு மென்பொருள் மூட்டை, மூன்று விதமாகத் துணைக்கு ஆள் கேட்கும். 'டிபெண்ட்ஸ்' இல்லாமல் ஓடாது. 'சஜஸ்ட்ஸ்' இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி. நடுவில் இருக்கும் ரெக்கமெண்ட்ஸை, ஓட்டலில் 'வடையும் சூடா இருக்கு சார்' என்பார்களே, அந்த வகை என்று நினைத்துவிட்டேன். உண்மையில், ஏதாவது விசேஷக் காரணம் இருந்தாலொழிய எல்லோருக்கும் வேண்டியது என்று அர்த்தமாம். அதனால்தான் 2009-இல் வந்த டெபியன் 5-இலிருந்து ஆப்ட் அதையும் தானாகவே சேர்த்துப் போடுகிறது. நான் பெரிய மேதாவி, நிறுத்தி வைத்தேன்.

ஹால் டிக்கெட் எடுக்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அச்சு வேலையைக் கவனிக்கிற கப்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது, வைஃபை பிரிண்டரில் பச்சை விளக்கு எரிகிறது, கணினியில் மட்டும் பிரிண்டர் பெயரே இல்லை. கேபிள், ரவுட்டர், பாஸ்வேர்ட் என்று நாள் முழுக்க எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். பிள்ளைகள் எதிர்க்கடைக்குப் போனார்கள். அது மொட்டையின் மச்சான் கடை, உனக்குத் தெரியும்.

'இங்கே பிரிண்டர் யாராவது இருக்கீங்களா' என்று நெட்வொர்க்கில் குரல் கொடுக்கிற வேலை அவாஹி என்ற பேக்கேஜுடையது. கப்ஸுக்கு அது ரெக்கமெண்ட்ஸ்! மறுநாள் அதைப் போட்டேன், பிரிண்டர் பெயர் வந்தது. ஆனால் அச்சு போகவில்லை. பிரிண்டரின் '.லோக்கல்' பெயருக்கு முகவரி கண்டுபிடிக்கிற இன்னொரு பேக்கேஜ் இருக்கிறது, அது அவாஹிக்கு ரெக்கமெண்ட்ஸ். அப்போதுதான் நான் எழுதிய அந்த வரி ஞாபகத்துக்கு வந்தது. சிரிக்காதே.

உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் உறைத்தது. அன்றைக்குப் படிக்காமல் சரி என்றேன், இன்றைக்குப் படிக்காமல் வேண்டாம் என்றேன், அவ்வளவுதான் வித்தியாசம். இருபது வருஷத்தில் இதுதான் முன்னேற்றம்.

வரியை அழித்துவிட்டு, கப்ஸையும் அவாஹியையும் நீக்கி மறுபடி போட்டேன். ஆப்ட் பட்டியலைக் காட்டி 'ஒய்' பெரிய எழுத்திலும் 'என்' சின்ன எழுத்திலுமாகக் கேட்டது. சும்மா என்டர் தட்டினாலே சம்மதம் என்று அர்த்தம். விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசிப் பெயர் வரை படித்தேன்.

இப்போது ஹால் டிக்கெட் வருகிறது. பொங்கலுக்கு வரும்போது என் பழைய பென்டிரைவை எடுத்து வா. மொட்டையிடம் இதில் ஒரு வார்த்தை சொன்னாய், அப்புறம் தெரியும்.

உன்,
நெக்ஸ்ட்