வெள்ளச் செலவை யார் தலையில் கட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் வெள்ளம் வடிந்ததும் ஒரு யோசனை தவறாமல் கிளம்பும். அமெரிக்காவைப் போல வீட்டுக்கு வீடு வெள்ளக் காப்பீட்டைக் கட்டாயமாக்கிவிட்டால், அரசு ஒவ்வொரு முறையும் நிவாரணத்துக்குக் கஜானாவைத் திறக்க வேண்டாம் என்பார்கள். அமெரிக்காவில் நடப்பது அதுவல்ல. 2017-இல் டெக்சாஸைத் தாக்கிய ஹார்வி சூறாவளிக்குப் பிறகு எந்தப் பணம் யாருக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்று பார்த்தாலே இது புரியும்.

ஆகஸ்ட் 25 இரவு ராக்போர்ட் அருகே கரை கடந்த ஹார்வி, விலகிப் போகாமல் நாள்கணக்கில் டெக்சாஸ் கடலோரத்தையே சுற்றியது. நெடர்லாந்து என்ற ஊரில் மொத்தம் 1,539 மி.மீ. மழை பதிவானது. சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையைவிட அதிகம். சேத மதிப்பு 12,500 கோடி டாலர். ஹூஸ்டன் பகுதியில் தண்ணீர் புகுந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெள்ளக் காப்பீடே இல்லை.

காரணம் இருக்கிறது. அங்கே சாதாரண வீட்டுக் காப்பீட்டில் காற்றுச் சேதத்துக்குப் பணம் உண்டு, வெள்ளச் சேதத்துக்குக் கிடையாது. வெள்ளத்துக்கென்று 1968 முதல் மத்திய அரசே தனித் திட்டம் நடத்துகிறது. பாலிசியை விற்பது பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள், இழப்பைச் சுமப்பது அரசு. கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். வீட்டுச் சாமான்களுக்கு 1,00,000 டாலர், ஆனால் அதைத் தனியாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். சாமான்களுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். பத்து வருஷத்துச் சோபாவுக்குப் புதுச் சோபாவின் விலை வராது. வேறிடத்தில் தங்கும் வாடகையும் இதில் அடங்காது. புயல் சின்னம் உருவான பிறகு ஓடிப்போய் வாங்கலாம் என்றால், பாலிசி நடைமுறைக்கு வரவே 30 நாள் ஆகும்.

'கட்டாயம்' என்பதும் எல்லோருக்கும் அல்ல. 'நூறாண்டு வெள்ள' மண்டலத்துக்குள் இருந்து, மத்திய அரசின் கண்காணிப்பிலோ உத்தரவாதத்திலோ வீட்டுக்கடன் வாங்கியிருந்தால்தான் கட்டாயம். கடனை அடைத்துவிட்டவருக்கும், வரைபடத்தில் மண்டலக் கோட்டுக்கு வெளியே இருப்பவருக்கும் இல்லை. நூறாண்டு வெள்ளம் என்றதும் நம் ஆயுசில் வராது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் நூற்றுக்கு ஒரு வாய்ப்பு என்பதுதான் கணக்கு. 30 வருஷ வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது அது வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 26. ஹார்வியோ அந்தக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போனது.

சரி, பிரீமியத்தை உண்மையான அபாயத்துக்கு ஏற்ப உயர்த்தலாமே? 2012-இல் அதற்குச் சட்டம் போட்டார்கள். கடலோர ஊர்களில் கட்டணம் எகிறி, வீடு விற்பதே கஷ்டம் என்ற நிலை வந்ததும் எதிர்ப்பு வெடித்தது. 2014-இல் இன்னொரு சட்டம் போட்டு அதில் பலவற்றைப் பின்வாங்கினார்கள். கத்ரீனா, சாண்டி, ஹார்வி என்று சூறாவளிகள் வரிசையாக வந்ததில் திட்டம் கடனில் மூழ்கியது. 2017 அக்டோபரில் நாடாளுமன்றம் 1,600 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகும் 2,050 கோடி டாலர் பாக்கி நின்றது. காப்பீடு என்று பெயர் இருந்தாலும் கடைசியில் வரி கட்டுபவர்தான் கொடுத்தார்.

காப்பீடு இல்லாதவர்கள் கதை இன்னும் மோசம். மத்தியப் பேரிடர் முகமை அப்போது ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 33,300 டாலர் தரலாம். பெரும்பாலோர் கைக்கு வந்தது அதில் சிறு பங்குதான். வீட்டைக் குடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவர மட்டுமே அந்தப் பணம், பழையபடி ஆக்குவதற்கு அல்ல. அடுத்து, சிறுதொழில் நிர்வாகம் வீட்டுக்காரர்களுக்கும் தரும் பேரிடர்க் கடன், அப்போது வீட்டுக்கு 2 லட்சம் டாலர் வரை. திருப்பிக் கட்டும் வருமானம் இருப்பவருக்குத்தான் அது கிடைக்கும். மூன்றாவதாக, நாடாளுமன்றம் தனியாக ஒதுக்கிய மறுசீரமைப்பு நிதி. டெக்சாஸுக்கு 500 கோடி டாலருக்கு மேல் வந்தது, ஆனால் வீடுகளாக மாற வருஷக்கணக்கில் ஆனது. 2021-இல் மாநில அரசு ஏறத்தாழ 100 கோடி டாலர் வெள்ளத் தடுப்பு நிதியைப் பிரித்தபோது, அதிகம் அடிபட்ட ஹூஸ்டன் மாநகரத்துக்கு முதல் சுற்றில் ஒரு டாலர்கூட வரவில்லை. பிரித்த முறையே பாகுபாடானது என்று மத்திய வீட்டுவசதித் துறை மறு ஆண்டு சொன்னது.

பணம் தாமதமாவதால் என்ன கெடும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கத்திய வீட்டுச் சுவர் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. அரை அடித் தண்ணீர் நின்றாலும் பலகை ஈரத்தை மேலே இழுத்துக்கொள்ளும். ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். எனவே நீர்க்கோட்டுக்கு மேலே ஓரிரு அடி வரை பலகையை அறுத்து எடுத்து, உள்ளே அடைத்திருக்கும் பஞ்சையும் வெளியேற்றி, மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் ஓட்டி, மரச்சட்டத்தின் ஈரப்பதம் 15 சதவீதம் அளவுக்கு இறங்கிய பிறகுதான் புதுப் பலகை அடிக்க வேண்டும். அவசரப்பட்டு மூடினால் உள்ளே பூஞ்சை வளர்ந்து எல்லாவற்றையும் மறுபடி பிடுங்க நேரும். முதல் வாரத்தில் கையில் காசு இருப்பவர் கீழ்ப்பகுதியோடு தப்பிக்கிறார். இல்லாதவருக்குப் பூஞ்சை கூரை வரை போகிறது. அதே தண்ணீர் ஏழை வீட்டில் அதிகச் செலவு வைக்கிறது. முதல் பணம் கேள்வி கேட்காமல், பொது வரியிலிருந்து, உடனே போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

மிச்சச் செலவை யார் கட்டுவது? அந்த வீட்டை அங்கே கட்டலாம் என்று தீர்மானித்தவர்கள். ஹூஸ்டனுக்கு மேற்கே அடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் உள்ளன. 1929, 1935 வெள்ளங்களுக்குப் பிறகு ராணுவப் பொறியாளர் படை 1940-களில் கட்டியவை. தேக்கம் முழுக்க நிறைந்தால் நீர் எதுவரை வரும் என்று பொறியாளர்களுக்குத் தெரியும். அவ்வளவு தூரத்துக்கு அரசு நிலம் வாங்கவில்லை. வாங்காமல் விட்ட நிலத்தில் பிறகு மனைப்பிரிவுகள் எழுந்தன. பார்க்கரை ஒட்டிய ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் பதிவான சில லேஅவுட் வரைபடங்களின் மூலையில், இந்த இடத்தில் நீர்த்தேக்கத்தின் தண்ணீர் நீண்ட நாள் நிற்கக்கூடும் என்ற பொருளில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. வீடு வாங்கும் எத்தனை பேர் லேஅவுட் வரைபடத்தின் மூலையைப் பார்ப்பார்கள்? விற்றவருக்குத் தெரியும், அனுமதி கொடுத்தவருக்குத் தெரியும், குடிவந்தவருக்கு மட்டும் தெரியாது. ஹார்வியில் தேக்கம் அரசு எல்லையைத் தாண்டி அந்த வீடுகளுக்குள் நின்றது. மதகைத் திறந்ததும் கீழே பஃபலோ பையூ என்ற ஓடையின் கரையிலும் வீடுகள் மூழ்கின. மேற்பக்கத்து வீடுகளை அரசு தன் தேவைக்கு எடுத்துக்கொண்டதற்குச் சமம் இது, இழப்பீடு தர வேண்டும் என்று 2019 டிசம்பரில் மத்திய உரிமைக்கோரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கீழ்ப்பக்கத்தாரின் வழக்கை இன்னொரு நீதிபதி தள்ளினார். 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, வழக்கைத் திருப்பி அனுப்பியது.

அந்தத் தீர்ப்பின் நியாயம்தான் என் வாதமும். குடிவந்தவருக்குத் தெரியாத அபாயத்தின் விலையை அவருடைய பிரீமியத்தில் சேர்க்கக் கூடாது. தெரிந்தும் விற்றவரும் அனுமதித்தவரும் கட்டட்டும்.

நமக்கு இதில் பாடம் இருக்கிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறக்கப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியதும், ஏரியை இயக்கிய விதத்தை 2018-இல் வெளியான மத்தியத் தணிக்கைத் துறை (சிஏஜி) அறிக்கை குறை கூறியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2023 மிக்ஜாம் புயலுக்கு ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் ரொக்கம் கொடுத்தது சரியான முதல் பணம், தொகை போதாது என்றாலும். மாநிலப் பேரிடர் நிதியின் 2022-26 விதிப்படி, இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் நின்ற வீட்டுக்குத் துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500 ரூபாய். அந்த நிதியில் மத்திய அரசு 75 பங்கு, மாநிலம் 25 பங்கு. கெட்டுப்போன ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் அதில் இடம் கிடையாது.

காப்பீட்டில் ஒரு விஷயத்தில் நாம் அமெரிக்காவைவிட மேல். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு (ஆயுள் அல்லாத) நிறுவனங்கள் விற்கும் பாரத் கிருக ரக்ஷா பாலிசியில் வெள்ளமும் புயலும் சேர்ந்தே வருகின்றன. காற்றா தண்ணீரா என்று கத்ரீனாவில் நடந்த வழக்குச் சண்டை இங்கே தேவையில்லை. கட்டடத்துக்கு எடுத்தால், தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, சாமான்களுக்குத் தானாகவே சேரும். வாடகைதாரர் சாமான்களுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம். வங்கிக் கடனோடு வந்த பாலிசி வைத்திருப்பவர்கள் இன்றே எடுத்துப் பாருங்கள். காப்பீட்டுத் தொகை கடன் பாக்கிக்கு மட்டும் போடப்பட்டிருக்கலாம்.

ஆனால் இதைக் கட்டாயமாக்கும் முன், அரசு தன் பங்கைச் செய்யட்டும். ஏரியின் முழு நீர்மட்டத்திலும் ஆறு பெருகும்போதும் எந்த சர்வே எண் வரை நீர் வரும் என்ற குறிப்பு வில்லங்கச் சான்றிதழிலேயே, பெரிய எழுத்தில், இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் மனைப்பிரிவு போடுபவரிடம் அனுமதியின்போதே சதுர அடிக்கு இவ்வளவு என்று வெள்ள நிதி வசூலித்து, தனிக் கணக்கில் வைக்க வேண்டும். ஹார்விக்குப் பிறகு ஹூஸ்டன் மாநகரம், வெள்ளப் பகுதிப் புது வீடுகளின் தரைத்தளம் 'ஐந்நூறாண்டு வெள்ள' மட்டத்துக்கு மேல் இரண்டடி இருக்க வேண்டும் என்று 2018-இல் விதி போட்டது. அதே ஆண்டு ஹாரிஸ் கவுண்டி மக்கள் 250 கோடி டாலர் வெள்ளத் தடுப்புப் பத்திரத்துக்குப் பெருவாரியாக வாக்களித்து, சொத்துவரியில் சுமக்க ஒப்புக்கொண்டார்கள். அடையாற்றுப் படுகையிலும் பள்ளிக்கரணையைச் சுற்றியும் புதுக் கட்டடங்களுக்கு இப்படியொரு தரைமட்ட விதியை அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
காப்பீட்டு இழப்பு மதிப்பீட்டாளர் ஒருவர்,
சென்னை