இரவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்க்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காற்றோட்டம், வழுக்காத தரை, குளியலறைக் கைப்பிடி, மருத்துவர் வந்து போகும் நாட்கள் என்று எல்லாமே சரியாகத்தான் எழுதியிருந்தீர்கள். ஆனால் ஒரு முதியோர் இல்லத்தில் பல வருடங்களாக நிர்வாகியாக இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதில் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் எத்தனை பேர் டூட்டியில் இருக்கிறார்கள், அவர்கள் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

இல்லத்தைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் காலை பதினோரு மணி வாக்கில்தான் வருவார்கள். எல்லோரும் குளித்து, உடை மாற்றி, சாப்பிட்டு முடித்து ஹாலில் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் எந்த இல்லமும் பார்க்க நன்றாகவே இருக்கும். ராத்திரி அப்படி இல்லை. மறதி நோய் உள்ளவர்களில் பலருக்குச் சாயங்காலம் வெளிச்சம் குறையும்போதே பதற்றம் ஆரம்பித்துவிடும். வீட்டுக்குப் போக வேண்டும், பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து காத்துக்கொண்டிருப்பான் என்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். கூட ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளையைப் பற்றியே பேசியபடி கொஞ்ச தூரம் நடந்தால் பல நாட்களில் தானாக அடங்கிவிடும். ஆனால் நடப்பதற்கு அந்த ஒருவர் வேண்டுமே!

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது வழக்கம். நல்ல மெத்தை இருந்தால் சிலருக்கு இடைவெளியைக் கொஞ்சம் கூட்டலாம், அவ்வளவுதான். மாற்றாவிட்டால் முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் என்று எலும்பு அழுந்தும் இடங்களில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, தோல் சிவந்து, படுக்கைப்புண் ஆகிவிடும். சில மணி நேரத்தில் தொடங்குகிற அந்தப் புண் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். சரி, ஒருவரைப் புரட்டி, டயப்பரைப் பார்த்து, நனைந்திருந்தால் துடைத்து மாற்றி, முதுகுக்குத் தலையணை வைத்து முடிக்க இரண்டு பேர் சேர்ந்து செய்தாலும் பத்து நிமிடம் ஆகும். அப்படிப் பன்னிரண்டு பேர் இருந்தால் 120 நிமிடம், கடைசி ஆளை முடிக்கும்போது முதல் ஆளுக்கு மறுபடி நேரம் வந்துவிடும். இரவு டூட்டியில் இருப்பதே அந்த இரண்டு பேர்தான் என்றால், நடுவில் அடிக்கிற அழைப்பு மணிக்கு யார் போவது? ஒருவருக்கு மூச்சு வாங்கினால்?

இப்படிப்பட்ட இடங்களில் என்ன நடக்கும் என்பதை இரவுப் பதிவேட்டைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். 12.00, 2.00, 4.00 என்று நேரம் துல்லியமாக இருக்கும், எல்லாப் பெயருக்கும் எதிரே ஒரே பேனா, ஒரே சாய்வு, 'நன்றாகத் தூங்கினார்' என்ற ஒரே வரி. அது விடியற்காலையில் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியது. உண்மையாகச் செய்தவர்கள் எழுதினால் 12.10, 2.35 என்றுதான் வரும், நடுவில் 'தண்ணீர் கேட்டார்', 'இடது குதிகாலில் சிவப்பு' என்று ஏதாவது இருக்கும். அப்படி ஒரு பதிவேட்டைப் பார்த்து ஊழியரைத் திட்டுவது சுலபம். நான் முதலில் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்ப்பேன். செய்ய முடியாத வேலையைக் கொடுத்துவிட்டுச் செய்ததாக எழுத வைத்தது யார்?

ஆள் குறைந்தால் இன்னொன்றும் நடக்கும், வெளியே தெரியாது. ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்காமல் இருக்கட்டும் என்று சாயங்காலத்தோடு தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். வயதானவர்களுக்குத் தாகம் ஏற்கெனவே குறைவாகத்தான் தெரியும், அதனால் அவர்களும் கேட்க மாட்டார்கள். உடம்பில் நீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வர வாய்ப்பு அதிகம். அந்த வயதில் தொற்று வந்தால் காய்ச்சலுக்கு முன்பே திடீர்க் குழப்பமாகத் தலைகாட்டலாம், நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று யாரையும் அடையாளம் தெரியாமல் கத்துவார். உடனே 'மறதி முற்றிவிட்டது' என்று முடிவு கட்டி, தூக்க மாத்திரை கேட்பார்கள். மாத்திரை மயக்கத்தில் எழுந்து நடந்தால் விழுவார். 65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார்கள், இடுப்பெலும்பு முறிந்தால் அவர்களில் பலர் பழையபடி நடப்பதே இல்லை. இத்தனைக்கும் ஆரம்பம் பாத்ரூமுக்குக் கூட்டிப்போக ஆள் இல்லாததுதான்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு கணக்கு என்னைப் போன்றவர்களைத் தூங்கவிடாது. முதியோர் இல்லம் போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்களிடம் கேட்டபோது, மூன்றில் இரண்டு பேர் கடந்த ஒரு வருடத்தில் முதியவர்களிடம் ஏதோ ஒரு வகையில் மோசமாக நடந்துகொண்டதாகத் தாங்களே சொல்லியிருக்கிறார்கள். அடித்தால் மட்டும் கொடுமை இல்லை, அதட்டுவதும் கூப்பிட்டும் போகாமல் இருப்பதும் கொடுமைதான். அத்தனை பேரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நம்பவில்லை. இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்தவர், கூட ஆள் வராதவர், எத்தனையாவதோ தடவை அதே அழைப்பு மணிக்கு எழுந்து ஓடியவர் ஒரு கட்டத்தில் அதட்டிவிடுகிறார். அது நியாயம் ஆகாது, ஆனால் அவரை மட்டும் வேலையைவிட்டு அனுப்பினால் அடுத்து வருபவரும் அதே கட்டத்துக்கு வந்து நிற்பார்.

அதனால்தான் நிர்வாகி என்றால் கணக்கும் கட்டணமும் பார்க்கிற ஆள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். யாரை எந்த ஷிஃப்டில் போடுவது, லீவு போட்டால் மாற்று ஆள் யார், டூட்டி மாறும்போது இரண்டு தரப்பும் கால் மணி நேரமாவது நின்று பேசிக்கொள்கிறார்களா, இவைதான் என் வேலையின் பெரும்பகுதி. முதலாளியிடமோ அறங்காவலர்களிடமோ போய் ராத்திரிக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்று மறுபடி மறுபடி கேட்பதும் அதில் அடக்கம். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கை வைப்பது அங்கேதான், ஏனென்றால் ராத்திரியை யாரும் வந்து பார்ப்பதில்லை.

வாசகர்களாகிய நீங்கள் வந்து பாருங்கள். சேர்ப்பதற்கு முன் ஒருநாள் இரவு எட்டு மணிக்கு மேலோ, அதிகாலையிலோ வரலாமா என்று கேளுங்கள். இரவு ஊழியர்கள் எத்தனை மாதமாக இங்கே இருக்கிறார்கள், மாதாமாதம் ஆள் மாறுகிறார்களா, விழுந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் குடும்பத்துக்குச் சொல்வார்கள், தூக்க மாத்திரையை யாருடைய உத்தரவில் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அப்புறம், கட்டணத்தை உயர்த்துகிறோம் என்று கடிதம் வந்தால் சும்மா வருத்தப்பட்டுவிட்டுக் கட்டாதீர்கள். அதில் இரவு ஆட்களுக்கு எவ்வளவு போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் அப்படிக் கேட்டு எழுதினால் உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் மேலிடத்தில் போய்ப் பேச முடியும்.

இப்படிக்கு,
முதியோர் இல்ல நிர்வாகி ஒருவர்